நான்கு சுவருக்கும் வலை

வலது தோள் வலிக்கிறது. கட்டிங் மெஷினைத் தலைக்கு மேலே பிடித்து வேலை செய்கிற எல்லாருக்கும் உள்ளதுதான். கையெழுத்துப் போடும்போது விரல் நடுங்கும். வாக்குமூலத்தில் பயம் என்று எழுதிவிடாதீர்கள்.

அது புது வீடு. கீழே மூன்று அறை, மாடியில் நான்கு. வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார், எல்லா அறைக்கும் இன்டர்நெட் கேபிள் சுவருக்குள் போக வேண்டும் என்று. "காத்துல வர்றதை நம்ப முடியாதுப்பா. அக்கா ரூமுக்கு மட்டும் எந்தக் குறையும் இருக்கக் கூடாது" என்றார்.

அக்கா அவரை வளர்த்தவர். இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. மூச்சுத் திணறல் வேறு. வந்தால் குரல் எழும்பாது. அதற்காகக் கட்டிலோரம் ஓர் அழைப்பு மணி வாங்கியிருந்தார்கள். அழுத்தினால் இன்டர்நெட் வழியாகத் தம்பியின் போனில் அடிக்கும்.

கேபிள் பதிக்க ஒன்பது நாள் சுவரில் காடி வெட்டினேன். செங்கல் பரவாயில்லை, காங்கிரீட்டில் உளி துள்ளும். நான்காம் நாள் அக்கா சக்கர நாற்காலியில் வந்து பார்த்தார். தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றேன்.

"ஏம்ப்பா தூசிப்பேய், எங்களுக்கு வீட்டை மிச்சம் வைப்பியா?"

"சுவரு மட்டும்தாங்க்கா போகும்."

சிரித்தார், இருமினார், இருமலோடேயே திரும்பவும் சிரித்தார். அவர் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாள் வீட்டுக்காரரின் மச்சான் வந்தார். கம்ப்யூட்டர் வேலை. செருப்பு தூசியில் படாமல் நுனிக்காலில் நடந்தார்.

"இந்தக் காலத்துல யாரு மாமா வயர் இழுக்கிறாங்க? வைஃபை பெட்டி ரெண்டு மாட்டினா முடிஞ்சுது. சுவரைப் பாருங்க, எலி பறிச்ச மாதிரி இருக்கு."

நான் சொன்னேன், அக்கா அறை பின்பக்கம் இருக்கிறது, நடுவில் காங்கிரீட் சுவர், கதவும் இரும்பு. மற்றது எப்படியோ போகட்டும், அந்த அறைக்கு மட்டும் வயர் போடுங்கள் என்று.

"அண்ணனுக்குப் பொழப்பு போயிடும்னு பயம் மாமா" என்றார் மச்சான். வீட்டுக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "மூடிடுப்பா. மூடுறதுக்கும் கூலி குடுத்துடறேன்" என்றார்.

கொடுத்தார், பைசா குறையாமல். கோபம் குறையாததற்குக் காரணமே அதுதான். என் அப்பா சுமை தூக்கினவர். தூக்கிக்கொண்டு போன மூட்டையை, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வை என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. ஒன்பது நாள் நான் தின்ற தூசியை ஒரு சிரிப்பில் பெருக்கித் தள்ளினார்கள்.

காடியை சிமென்ட்டால் அடைத்தால் அதன் மேல் ஒரு சாண் அகலத்துக்குக் கோழிவலை அடிப்போம். பூச்சு விரிசல் விடாமல் இருக்க. எல்லா அறையிலும் அப்படித்தான் அடித்தேன். அக்கா அறையில் மட்டும் நான்கு சுவருக்கும், தரையிலிருந்து கூரை வரை, இரண்டு மடிப்பாக அடித்தேன். கம்பி வலைக்குள் சிக்னல் திக்கித் திணறும். எங்கள் தொழிலில் இது தெரியாதவன் இல்லை.

கொத்தனார் பார்த்துவிட்டு, "என்னய்யா, உள்ள கோழி வளர்க்கப் போறாங்களா?" என்றார். விரிசல் விடாது என்றேன். விடவும் இல்லை.

ஏன் அந்த அறை என்று கேட்டீர்கள். மற்ற அறையில் படம் நின்றால் பெட்டியைத் திட்டுவார்கள், அவ்வளவுதான். அந்த அறையில் நின்றால்தான் என்னைத் தேடுவார்கள். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. அந்தச் சுவருக்குள் மட்டும் காலி பைப் ஒன்று விட்டுவைத்தேன், வயரை இழுப்பதற்குக் கயிறும் போட்டு. கூப்பிட்டிருந்தால் அரை மணி நேர வேலை.

குடிவந்த அன்று மச்சான் மணியை அழுத்திப் பார்த்தார். போன் அடித்தது. "பாத்தீங்களாண்ணே" என்றார். கதவு திறந்திருந்தது. அது சாத்திக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். அக்காவுக்குத் தூசி ஆகாது, அந்தக் கதவு எப்போதும் சாத்தியேதான் இருக்கப்போகிறது என்பது எனக்குத் தெரியும்.

எட்டு நாள் கழித்து வீட்டுக்காரர் போன் செய்தார். "அக்கா ரூம்ல சிக்னல் கொஞ்சம் வீக்கா இருக்கேப்பா."

நான் பேசாமல் இருந்தேன். வேண்டிய வார்த்தை வரட்டும் என்று காத்திருந்தேன்.

"சரி விடு, மச்சான் இன்னொரு பெட்டி வாங்கித் தரேன்னான்" என்று வைத்துவிட்டார்.

திரும்ப அழைத்து வலையைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. அவர் பேசட்டும் என்றுதான் இருந்தேன்.

பெட்டி வருவதற்கு முன்பே அது நடந்துவிட்டது. மத்தியானம் அக்காவுக்குத் திணறல் வந்திருக்கிறது, வீட்டுக்காரர் மாடியில் மீட்டிங்கில் இருந்திருக்கிறார். அக்கா பதினேழு தடவை அழுத்தியிருக்கிறார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். மணிக்குள்ளேயே கணக்கு பதிவாகுமாமே. நல்ல சாமான்தான். சாமானைக் குறை சொல்ல முடியாது.

எனவே எழுதிக்கொள்ளுங்கள். வலை அடித்தது நான். கதவைப் பிடித்தது நான். போன் வந்தபோது வாயைத் திறக்காதவனும் நான். தெரிந்தே செய்தேன். அக்காவைக் கொன்றது நான்தான்.

நேற்று வீட்டுக்காரரை இங்கே கூட்டி வந்தீர்கள். என் சட்டையைப் பிடித்தார், காறித் துப்பினார், தரையில் உட்கார்ந்து அழுதார். இவ்வளவு நடந்த பிறகும், வயர்தான் போட்டிருக்க வேண்டும், நீ சொன்னதுதான் சரி என்று அந்த மனிதர் வாயிலிருந்து வரவில்லை. அது எனக்கு அவர் வைத்திருக்கும் பாக்கி.