நிமிடத்துக்கு ஒன்றேகால் விநாடி

இயற்பியல் பொய் சொல்லாது. இந்த வாசகத்தை இருபத்தெட்டு ஆண்டுகள் ஆய்வுக்கூடக் கரும்பலகையின் உச்சியில் எழுதி வைத்திருந்தேன். அதற்குக் கீழே நடந்தவை வேறு.

பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில் தனி ஊசல் வரும். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும், வந்துவிடும். பிள்ளைகள் முதலில் விடையை எழுதிவிட்டு, அதற்குத் தோதான அலைவு நேரங்களைப் பிறகு நிரப்புவார்கள். நான் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதற்கு அனுபவம் என்று பெயர்.

அந்த வருடம் என் மகளும் அதே வகுப்பு. கல்லூரியில் இயற்பியல் படிப்பதைத் தவிர அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மூன்று முறை எண்ணிவிட்டு 10.2 என்று எழுதினாள். குனிந்து, "9.8ன்னு போட்டுடும்மா," என்றேன்.

"எனக்கு வந்தது இதுதான் சார்."

பள்ளியில் சார், வீட்டில் அப்பா. அது எங்கள் ஏற்பாடு. தாளின் அடியில், 'ஸ்டாப்வாட்ச் நிமிடத்துக்கு ஒன்றேகால் விநாடி பின்தங்குகிறது. சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன்' என்றும் எழுதினாள்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அதைப் படித்துவிட்டுத் தலைமையாசிரியையை அழைத்துவரப் போனார். சிறந்த ஆசிரியர் விருதுப் பட்டியலில் அப்போது என் பெயர் இருந்தது. பழுதான கருவியை மறைத்தவனுக்கு அதைத் தரமாட்டார்கள். அவர்கள் வருவதற்குள் அலமாரியிலிருந்த நல்ல ஸ்டாப்வாட்சை அவள் மேசையில் மாற்றி வைத்தேன். சோதித்தார்கள். சரியாக ஓடியது.

"வேற வாட்ச் ஏதாவது இருந்துச்சாம்மா?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "இல்ல மேடம்."

அன்று அவள் கொடுத்த ஒரே பொய் அளவு அது.

'தரவு பொய்' என்று அவள் தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன். சொந்த மகளென்றும் பாராத நடுநிலையாளர் என்று விருதுப் பத்திரத்தில் அச்சடித்தார்கள். கல்லூரி இடம் போயிற்று. இப்போது துணிக்கடையில் மீட்டர் அளந்து கிழிக்கிறாள். நூலளவும் பிசகாது என்கிறார்கள். வீட்டில் தட்டு வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க சார்," என்கிறாள். மரியாதையான பெண்.

பழைய ஸ்டாப்வாட்ச் எப்படிப் பழுதானது என்று கேட்டீர்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தேர்வுக்கு முன்பு, முட்டை அவிக்க நேரம் பார்ப்பதற்காக அதை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். வெந்நீரில் விழுந்துவிட்டது. கரண்டியால் எடுத்துத் துடைத்துக் கொடுத்தது அவள்தான்.