அழித்த கோட்டுக்குப் பின்னால்

நான் குறித்த நேரத்தில் முடிப்பேன் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கும் அவைத் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதுபெரும் சான்றோர்களே! கடலுக்குப் போனவர் கரைக்கு வரும்வரை கண்ணிமைக்காத தாய்மார்களே! என்னோடு ராடார் திரை பார்க்கும் வானிலை நிலையத்து நண்பர்களே! மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என் கணவரே! எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

கேட்டீர்களா, மைக் கீச்சிட்டதை? மைக்காரர் பதற வேண்டாம். நான் பேச வந்ததே இந்த இரைச்சலைப் பற்றித்தான்!

ராடார் என்ன செய்கிறது? வானுக்கு ஓர் அலையை அனுப்புகிறது. மழைத்துளியில் பட்டு அது திரும்பி வரக் காத்திருக்கிறது. அப்படி வருவது எவ்வளவு மெலிந்தது தெரியுமா? சந்தை நடுவே நின்றுகொண்டு, மூன்று தெரு தள்ளி ஒருவர் விடும் பெருமூச்சைக் கேட்பது போல! அந்த நேரம் பார்த்து எவர் வீட்டு மாடியிலோ ஒரு வைஃபை பெட்டி அதே அலைவரிசையில் கத்தினால்? மழை மறையும். திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கடல்வரை நீளும்.

போன ஆண்டு எங்கள் திரையில் அப்படியொரு கோடு விழுந்தது. விட்டேனா நான்? இரண்டே நாளில் ஒரு வடிகட்டி நிரல் எழுதினேன். கோட்டைத் துடைத்தேன். திரை துலங்கியது! மேலதிகாரி பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை, படகு ஓட்டும் என் தம்பி போன் போட்டான்.

"அக்கா, வானம் எப்படி? கிளம்பலாமா?"

"பொட்டு மேகம் இல்லடா. தாராளமாப் போ."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. துப்புரவாக இருப்பது வானமா? நான் துடைத்த திரையா? கோட்டை அழித்தேனே, கோட்டுக்குப் பின்னால் இருந்ததையும் சேர்த்தல்லவா அழித்துவிட்டேன்! சிரிக்காதீர்கள் ஐயா, உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

அவன் எடுக்கவில்லை. துறைமுக அலுவலகத்தை அழைத்தேன். "மழை தெரியுதா மேடம்? தெரியாம நாப்பது படகை எப்படித் திருப்புறது?" என்றார் அங்கிருந்தவர். நியாயம்தானே?

வடிகட்டியை நிறுத்தினேன். கோடு மீண்டும் வந்தது. அது போகும் திசையில் ஊர் வரைபடத்தின் மேல் அடிக்கோலை வைத்தேன். நேராகப் புகைப்படக் கடை! அலையை மோப்பம் பிடிக்கும் ஆண்டெனாக் கருவியோடு ஓடிப்போய்க் கடைக்காரர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் மெயினையே அணைத்துவிட்டு, "இப்ப என்னம்மா சொல்றீங்க?" என்றார். என் கருவி இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது. கோட்டின் வழியே நடந்தேன். தெருமுனை தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, ஒரு பச்சை கேட்டின் முன்னால் கருவி அலறியது. யார் வீட்டு கேட்? எங்கள் வீட்டு கேட்!

தையல் வகுப்பு நடத்தும் என் கணவர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார்.

"மாடியில என்னங்க வச்சிருக்கீங்க?"

"வகுப்பு வீடியோ விட்டுவிட்டு வருதுன்னு ஒரு பெட்டி மாட்டினேன். ஆபீஸ்லயும் இதே வேலை, வீட்லயுமான்னுதான் உன்கிட்ட சொல்லல."

எப்பேர்ப்பட்ட கரிசனம்! மாடிக்கு ஓடிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினேன். அடுத்த நிமிடம் நிலையத்திலிருந்து தோழி போனில் கத்தினாள்: "கோடு போயிடுச்சுடி! ஐயோ, பின்னாடி பெரிய மழை நிக்குது. படகெல்லாம் நேரா அதுக்குள்ளதான் போகுது!"

துறைமுகத்துக்குச் சொன்னேன்; அவர்கள் வயர்லெஸ்ஸில் கூப்பிட, நாற்பது படகும் திரும்பின. கடைசியாக வந்தது தம்பியின் படகு. "வெயில் அடிக்குது, எதுக்குக்கா திரும்பச் சொன்ன?" என்று முறைத்துக்கொண்டே கயிறு கட்டினான். முடிச்சு இறுகுவதற்குள் காற்று வந்து மீன் கொட்டகையின் கூரையைத் தூக்கியது. அவன் அவசரமாக இரண்டாவது முடிச்சும் போட்டான்.

அன்பர்களே! இரைச்சலைக் குறைப்போம், அது பிறக்கும் இடத்திலேயே குறைப்போம்! தெரியாத வானைத் தெளிந்த வானென்று சொல்லமாட்டோம்! இன்று கோடு விழும் இடத்தை எங்கள் திரை துடைப்பதில்லை. கட்டம் கட்டி 'இங்கே தெரியவில்லை' என்று எழுதுகிறது. அதை எழுதவைத்தவள் நான். எனக்கு வந்த எல்லாப் பாராட்டையும்விட அந்த இரண்டு சொல்லில்தான் எனக்குப் பெருமை!

உங்கள் மாடிப் பெட்டியின் அலைவரிசையை மாற்றித் தாருங்கள். நாங்கள் வீடு தேடி வந்து உதவுகிறோம். என் கணவர் மாற்றிவிட்டார். கையைத் தூக்குங்களேன்! தூக்குகிறார், பாருங்கள்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்தான் என் தம்பி. உட்கார்ந்திருக்கிறான். எனக்கு அது போதும்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும், ஒரு தடவைக்குமேல் கீச்சிடாத மைக்குக்கும் நன்றி. வணக்கம்!