எட்டு ஊர், ஒன்பது நாள்

லிங்கராஜபுரம், பெங்களூர்
18.2.2004

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

முனியப்பன் எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பிரேசர் டவுனிலிருந்து எங்கள் தெருவுக்கு நடந்தால் இருபது நிமிடம்தான். தபால் வர ஐந்து நாள் ஆகியிருக்கிறது. பின்கோடில் கடைசி எண் விட்டுப்போயிருந்தது. இனி எழுதினால் 560084 என்று முழுதாகப் போடவும்.

ஓஸ்வால்ட் சாரின் கடைசிப் பயணத்தை அவ்வளவு அழகாகப் போட்டுக் கொடுத்ததற்கு நன்றி என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது சரியல்ல. எப்படிப் போட்டேன் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த பழைய டிக்கெட்டைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் ஏற்றுமதிக் கம்பெனியில் டிராவல் டெஸ்க் என்பது நான் ஒருவன்தான். சார் பறக்கிற தூரமெல்லாம் அவர் பெயரில் மைல்களாக ஏறும். சேர்ந்த மைல்களைக் கொடுத்தால் விமானக் கம்பெனி இலவச டிக்கெட் தரும். அதில் எத்தனை ஊரில் இறங்கலாம், எந்த விமானத்தை எதோடு சேர்க்கலாம் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அவற்றை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். கோலார் தங்கவயல் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் ஒப்பித்துப் படித்தவனுக்கு விதி என்றால் கஷ்டமில்லை.

போன செப்டம்பரில் சார் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ரிட்டயர் ஆகப்போகிறார், உங்கள் கல்யாணத்துக்கும் முப்பது வருடம் ஆகிறது என்றார்.

"இருக்கிற மைல்ஸ் பூரா காலி பண்ணிடு முனி. ஒரே ரவுண்டு. எத்தனை ஊரு போடலாம்?"

"பிசினஸ் கிளாஸ்னா நாலு சார். எகானமின்னா எட்டு."

"எட்டு போடு குரு! நாலு ஊரு பாத்துட்டு வந்தா, சர்ச்சுக்கு வெளிய நிக்கறப்ப எவன் மதிப்பான் என்னை?"

பாருங்கள், எட்டு என்றது அவர்தான். நான் நாலையும் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முன் சாருக்கு இடது காலில் இரத்தம் கட்டிப் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாரல்லவா. அப்போது டாக்டர் கொடுத்த கடிதத்தை இரண்டு பிரதி எடுத்தவன் நான். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்காரக் கூடாது. விமானத்தில் நடைவழி ஓரத்து இருக்கை வேண்டும். நீண்ட பயணத்துக்கு முன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பயணத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு நாள் ஓய்வு. எல்லாம் தெளிவாக எழுதியிருந்தார், நல்ல டாக்டர்.

நான் போட்டது இது. சிங்கப்பூர், டோக்கியோ, சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ, டொராண்டோ, நியூயார்க், லண்டன், பிராங்க்பர்ட். ஒன்பது நாள். எல்லாவற்றிலும் கடைசி வரிசைக்கு முந்தைய வரிசை, ஜன்னலோரம். பக்கத்தில் இரண்டு பேர் தூங்கினால் எழுந்து வர முடியாது. சார் யாரையும் எழுப்புகிறவர் அல்ல. கூச்ச சுபாவம், உங்களுக்கே தெரியும். வழியில் விமானம் மாற வேண்டிய இடங்களில் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் எங்கும் விடவில்லை. ஜன்னலோரம் என்றதும் சார் சந்தோஷப்பட்டார்.

டிக்கெட் கொடுக்க உங்கள் வீட்டுக்கு வந்தபோது கேக் வைத்துக் கொடுத்தீர்கள். "எனக்கு சீட்டே இல்லையா முனியப்பா? நான் இன்னா ஒரு மூலையில ஒக்காந்துட்டு வரப்போறேன்" என்று சிரித்தீர்கள். மைல் டிக்கெட்டில் ஒருவருக்குத்தான் இடம் இருக்கிறது என்றேன். இடம் இருந்தது. உங்கள் பெயரில் ஒரு நாள் பிடித்து வைத்து, மறுநாள் நானே விட்டுவிட்டேன். நீங்கள் கூட இருந்தால் அவரை எழுப்பி நடக்க வைத்திருப்பீர்கள். தவிர, உங்கள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விமான நிலையத்தில் அவருடைய ஊசிகளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அங்கிருந்து போன் செய்தார்.

"முனி, டாக்டர் லெட்டர் எங்கப்பா வெச்ச?"

"பச்சை உறையில பாருங்க சார்."

"இல்லையே. போர்டிங் வேற கூப்பிடறான். சரி விடு, ஒரு வாரந்தானே."

கடிதம் என் மேசை டிராயரில் இருந்தது. ஃபேக்ஸ் அனுப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அனுப்பியிருப்பேன். அவர் கேட்கவில்லை. ஏழாவது ஊரில் இறங்கி, நாற்பதடி நடந்து, பெட்டிகள் வரும் இடத்துக்குப் போகும் முன்பே விழுந்துவிட்டார். காலில் கட்டிய இரத்தம் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். நான் ஐந்தாவது ஊரிலேயே எதிர்பார்த்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள்.

1996 அக்டோபர். என் மகள் சங்கமித்ரா டெல்லியில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். டெங்கு என்று காலை பத்தரைக்கு ஹாஸ்டலிலிருந்து போன் வந்தது. ரயிலில் போனால் இரண்டு இரவு. விமானத்தில் இரண்டரை மணி நேரம். விமானத்துக்கு என்னிடம் வழியில்லை. சாரிடம் மைல்கள் இருந்தன. அவர் கையெழுத்துப் போட்டால் வேறொருவர் பெயரில் டிக்கெட் எடுக்கலாம். படிவத்தை நானே நிரப்பிக் கொண்டுபோனேன்.

"சார், பொண்ணு டெல்லில சீரியஸா கிடக்குது. உங்க மைல்ஸ்ல ஒரு டிக்கெட்டு..."

அவர் வாங்கிப் பார்த்தார். படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். விரலால் வெளியே என்று காட்டினார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப்பக்கம் பதினோரு நிமிடம் நின்றேன். உள்ளே போனில் யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

ரிசப்ஷனில் இருந்த தனக்கோடி சொன்னாள்: "அவங்க மைல்ஸ்ல நம்மள பறக்க வுடுவாங்களாண்ணா? நின்னுக்கினு இருந்தா ஜெனரல் பெட்டியிலயும் எடம் பூடும். கெளம்பு."

கிளம்பிவிட்டேன். எதற்கும் மூன்று மணி நேரம் முன்னால் போவது என் வழக்கம். முன்பதிவில்லாத பெட்டியில் ஜன்னலோரம் கிடைத்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் போய்விட்டாள். அப்போது என் ரயில் எங்கேயோ சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது. வெளியே ஒருவன் வெள்ளரிக்காய் விற்றான். நான் அதற்கடுத்த நாள் போய்ச் சேர்ந்தேன். அப்பா வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். ஹாஸ்டல் பெண்கள் சொன்னார்கள்.

திரும்பி வந்ததும் சார் என் தோளில் கை வைத்தார். அந்த டிசம்பரில் அவருடைய மைல் கணக்கு வந்தது. ஒரு டெல்லி டிக்கெட்டுக்கு உண்டான மைல்கள் குறைந்திருந்தன. யாருக்கும் கொடுக்காமல் காலாவதியாக விட்டிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் வேலைக்காலத்தில் போன் செய்து விசாரிக்காமல் விட்ட ஒரே வரி அது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஏழு வருடம் அவசரப்படவில்லை. நடுவே நேரமே இல்லாத பயணம் ஒன்று அவருக்கும் வாய்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

இனி அந்த டிக்கெட்.

சாருடைய பைபிளுக்குள் இருந்தது என்கிறீர்கள். நான் கதவுக்கு வெளியே நின்ற அன்று விமானக் கம்பெனிக்காரரைத் தாஜா பண்ணிப் போனிலேயே ஒப்புக்கொள்ள வைத்தாராம். அவரே போய் வாங்கி வந்தாராம். நான் போய்விட்டேன் என்றதும் ஸ்டேஷனுக்குக் காரை விட்டு, பெட்டி பெட்டியாகத் தேடி, ஒலிபெருக்கியில் சொல்லச் சொன்னாராம். "தெரிஞ்சா அவன் தாங்கமாட்டான், அவசரப்பட்டு வந்துட்டமேன்னு செத்துப்போவான், என்னைத் திட்டிட்டே இருக்கட்டும்" என்று உங்களிடமும் மறைத்து, போன வருடம்தான் சொன்னாராம்.

டிக்கெட்டைப் பார்த்தேன். என் பெயர் சரி. தேதி சரி. மாலை ஆறு நாற்பது விமானம். இரவு ஒன்பதரைக்குள் டெல்லி.

ஆனால் ஒன்று, அம்மா. உபயோகிக்காத மைல் டிக்கெட்டை ஒரு வருடத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் மைல்கள் கணக்குக்கு வந்துவிடும். அவர் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் நான் அந்த வரியைத் தப்பாகப் படித்திருக்க மாட்டேன். விதி தெரியாதவர்கள் இப்படித்தான் நஷ்டப்படுகிறார்கள்.

இந்தக் கடிதத்தை நீங்கள் போலீஸுக்குக் கொடுக்கலாம். இதன் நகல் என்னிடம் இருக்கிறது. அலைய வேண்டாம், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முனியப்பன்

இணைப்பு: டாக்டர் கடிதம் (அசல்), டெல்லி டிக்கெட்.

பின்குறிப்பு: ஸ்டேஷனில் ஒலிபெருக்கி கேட்டதா என்று கேட்டிருந்தீர்கள். முனியப்பன், முனியப்பன் என்று இரண்டு முறை கேட்டது. எழுந்தால் ஜன்னலோர இடம் போய்விடும் என்று உட்கார்ந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. அன்று கூப்பிட்டது வேறு யாரோ ஒரு முனியப்பனைத்தான்.