பெண்கள் பக்கத்துக் கெமரா

கெமரா வாங்கப் போனால் முதலில் பார்க்க வேண்டியது, கண் வைக்கும் இடத்திலுள்ள கறுப்பு றப்பரை. பாவித்த கெமரா என்றால் அதில் எவருடைய முகத்து எண்ணெயோ பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அடுத்தது, லென்ஸுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். கண்டியின் ஈரத்துக்கு உள்ளே பூஞ்சணம் பிடித்து, செத்த சிலந்தியின் கால்களைப் போல விரிந்து கிடக்கும்.

கெமரா வாங்கியதிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், மிஸ். அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன். எனக்காகத் தமிழ் தெரிந்த பொலிஸ் பெண்ணொருவரைக் கூப்பிட்டது பெரிய உபகாரம். வெளியே வாங்கில் என் மருமகள் அஸீமா உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பற்றி நான் குறையாக எதுவும் சொல்லப் போவதில்லை. அவள் வீட்டுக்குப் போவதும் உள்ளே இருப்பதும் என் வாயில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். ஒழுங்காகவே சொல்கிறேன்.

எங்கள் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் தனி. ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். முக்காட்டைக் கழற்றி, முடியை விரித்துவிட்டு, கை தட்டி ஆடுகிற இடம். அதனால் வாசலிலேயே எல்லாருடைய போன்களையும் ஒரு கூடையில் வாங்கி வைத்துவிடுவார்கள். படம் எடுக்க ஒரு பெண் மட்டும் கெமராவோடு வரலாம். வேலை முடிந்ததும், மண்டபத்தை விட்டு இறங்கும் முன்பே, அவள் கெமராவிலிருந்து படங்கள் பதிந்த கார்டைக் கழற்றி மணப்பெண்ணின் உம்மாவுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட வேண்டும். அதற்குப் பிறகு எவரிடமும் எதுவும் இல்லை. அந்த நம்பிக்கையில்தான் அங்கே பெண்கள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

அஸீமா அந்த வேலைக்குத்தான் ஆசைப்பட்டாள். என் மகன் ஷிஹாப் கட்டாரில் இருக்கிறான். அவனும் சரி என்றான். நானே அவளைக் கடைக்குக் கூட்டிப் போனேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால், மாடியில் இப்திகாருடைய கடை. கண்ணாடி மேசையில் இரண்டு கெமராக்களை எடுத்து வைத்தான்.

"தங்கச்சி, தொடக்கத்துக்கு இது ரெண்டும் போதும். பெரிய கெமராவக் கழுத்துல மாட்டிக்கிட்டா மட்டும் படம் வராது. கையில ஈக்கிற காசெல்லாத்தையும் கெமரா பாடிக்கே கொட்டாதீங்கோ. பிளாஷ், ரெண்டாவது பெட்டரி, நல்ல லென்ஸ் ஒண்டு, இதுக்கெல்லாம் மிச்சம் வைங்கோ."

அஸீமா பழைய கெமராவை எடுத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பார்க்கும்போது நாக்கு நுனி வெளியே வந்தது. எவனுடைய முகமோ பட்ட றப்பரில் தன் கன்னத்தை அழுத்திக்கொண்டு நின்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதுல வைஃபை ஈக்கா, நானா?" என்று, அண்ணனைக் கேட்பது போல இப்திகாரைக் கேட்டாள்.

"இல்ல. பழசுதானே. மத்ததுல ஈக்கு. எடுக்க எடுக்கச் சின்னதா ஒரு பிரதி போனுக்கு வந்துரும். மாமி, உங்கட போனத் தாங்கோ, காட்டுறேன்."

என் போனோடு அதைச் சேர்த்து, என்னை ஒரு படம் எடுத்தான். கெமராவை அவன் கீழே வைக்கும் முன்பே என் முகம் என் கையில் இருந்தது. நான் கவனமாகப் பார்த்துக்கொண்டேன்.

"அப்ப எனக்குப் பழசுதான் வேணும்," என்றாள் அஸீமா. "பொண்டுகள் பக்கம் எடுக்கிறது, நானா. கெமராவுல கார்டத் தவிர வேற வழி ஈக்கப்படாது."

புத்திசாலித்தனமான பேச்சு. அதை நான் இப்போதும் ஒத்துக்கொள்கிறேன். விலையும் அதுதான் குறைவு.

"மகள், அடுத்தவங்கட அழுக்கு நமக்கு எதுக்கு? புதுசை எடுங்கோ," என்று என் காதுத் தோடுகளைக் கழற்றி அவள் கையில் வைத்தேன்.

"வைஃபைய ஓஃப் பண்ணி வெச்சாச் சரி, தங்கச்சி," என்றான் இப்திகார். "அதுக்காக இப்படி ஒரு மாமிய உட்டுராதீங்கோ. எண்ட மனிசிக்கு வாச்சது ஒண்டு ஈக்கு, தோடக் கேட்டாக் காதையே அறுத்துருவா."

அஸீமா சிரித்துக்கொண்டே என் கையை முத்தமிட்டாள். அவள் உதடு பட்ட இடத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். புதியதை வாங்கியதும் வைஃபையை அவள் அங்கேயே ஓஃப் பண்ணினாள். எந்த இடத்தில் தட்டுகிறாள் என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

அப்போதே திட்டம் போட்டேனா என்று கேட்கிறீர்கள். இல்லை, மிஸ். வீட்டுக்கு ஒரு சாமான் வந்தால் அதைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது என் பழக்கம்.

அவளுக்கு வேலை குவிந்தது. கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, தெல்தோட்டை என்று எல்லா இடத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது என்று நானும் போவேன். ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் இருக்கிறதே, வேலை முடித்து அவள் வரும்போது மற்றவர்கள் பிசைந்து விட்ட மிச்சம்தான் அதில் கிடக்கும். கடித்த எலும்புகளை ஒதுக்கிவிட்டு அந்தக் குழம்புச் சோற்றை அள்ளி அள்ளித் தின்பாள். "கெமரா அஸீமா, இங்க பாருங்கோ" என்று எவளாவது கூப்பிட்டால், எண்ணெய்க் கையைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பாள். அதே கையோடு பக்கத்தில் வந்து, "மாமி சாப்பிட்டீங்களா?" என்பாள். நான் என் உடுப்பை இழுத்து ஒதுக்கிக்கொள்வேன்.

கல்யாண நாட்களில் அவள் குளிக்கப் போகும்போது நான் கெமராவில் வைஃபைக்கான அந்த இடத்தைத் தட்டி வைப்பேன். மண்டப வாசலில் கூடை வைத்திருக்கும் பெண்கள் கேட்பார்கள்.

"மாமி, உங்கட்ட போன் ஈக்கா?"

"எனக்கெதுக்கு மகள் போன்? கண்ணே தெரியல்ல."

சிரித்து, எனக்கு நல்ல கதிரையாகப் பார்த்துக் கொடுப்பார்கள். போன் என் அபாயாவுக்குள் அடிவயிற்றோடு இருக்கும். ஒவ்வொரு படம் வரும்போதும் மெதுவாக அதிரும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பேன். அவ்வளவுதான். பல கல்யாணங்கள் வரை பார்ப்பதோடு சரி.

பிலிமத்தலாவையில் ஆஸிகாவின் மகள் நுஸ்ஹாவுடைய கல்யாணம் வந்தது. இடுப்புக்குக் கீழே இறங்குகிற முடி அந்தப் பிள்ளைக்கு. அலங்கரிக்கும் முன் அதை அவிழ்த்துவிட்டு, உள்பாவாடையோடு கட்டிலில் ஏறி நின்று, தங்கச்சிமாரோடு ஆடினாள். அஸீமா அதையெல்லாம் எடுத்தாள். முடிவில் ஆஸிகாவின் கையில் கார்டை வைத்து மூடினாள். ஆஸிகா அவளைக் கட்டிப்பிடித்து, "நீங்க ஈக்கிறதாலதான் எண்ட புள்ள இப்படிச் சிரிச்சா," என்று அழுதாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு அனுப்பினேன்.

அந்தப் போன் ஷிஹாப் விட்டுப்போனது. நம்பரும் அவனுடையது. நானும் அஸீமாவும் அவனோடு அதில்தான் பேசுவோம். எங்கள் பகுதியின் மரணச் செய்தி போடும் ஜனாஸா அறிவித்தல் குரூப்பில் அவன் பெயர் இன்னும் இருக்கிறது. யார் மவுத்தானாலும் அதில்தான் வரும். அதனால் எல்லா வீட்டு ஆண்களும் அதில் இருக்கிறார்கள், மாப்பிள்ளையின் வாப்பாவும் நானாமாரும் உட்பட. நல்லதாக ஒன்பது படம் தேர்ந்து போட்டேன். பிறகு தேங்காய் துருவினேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்பே ஷிஹாப் கோல் எடுத்தான்.

"உம்மா, எண்ட நம்பர்ல இருந்து என்ன போயிருக்கு? போன் ஆர்ட கையில ஈந்திச்சு?"

"எனக்கென்ன தெரியும் மகன். போன் எப்பவும் அஸீமாட கையிலதான்."

இருட்டும் முன் ஆஸிகாவின் ஆட்கள் வந்துவிட்டார்கள். கெமராவைச் சுவரில் அடித்தார்கள். அஸீமா என் காலடியில் உட்கார்ந்து, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். மூக்கிலிருந்து ஒழுகியது என் உடுப்பில் பட்டது.

"மாமி, நான் கார்டக் குடுத்தத நீங்க பாத்தீங்கதானே? பக்கத்துலதானே நிண்டீங்க? செல்லுங்கோ மாமி. ஒரு வார்த்த செல்லுங்கோ."

"நான் பாக்கல்லயே, மகள்," என்றேன்.

நுஸ்ஹாவை மாப்பிள்ளை வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அந்த முடியை ஒட்ட வெட்டிக் கக்கூசில் போட்டாளாம். குழாய் அடைத்து, அதை வெளியே எடுக்க ஆள் பிடிக்க வேண்டி வந்ததாம். கேட்டபோது எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சுத்தம் தெரியாது. ஷிஹாப் மார்க்க நீதிபதி காழியாரிடம் அஸீமாவைத் தலாக் சொல்ல எழுதிக் கொடுத்திருக்கிறான். நான் தூண்டவில்லை. தடுக்கவும் இல்லை.

கெமரா என் போனோடு சேர்ந்திருந்ததை இப்திகார் சொல்லிவிட்டான் என்கிறீர்கள். சொல்லட்டும். ஆம் மிஸ், நான்தான். அஸீமாவுக்கு எதுவும் தெரியாது. அவளை அனுப்பிவிடுங்கள். ஊர்ப் பெண்கள் உடம்பைக் காட்டிக் கூத்தடிப்பதை யாராவது நிறுத்த வேண்டியிருந்தது. நான் நிறுத்தினேன். என் மனதில் வேறொன்றும் இல்லை.

நுஸ்ஹாவின் கல்யாணத்தன்று வந்த படங்களை ஒன்றுவிடாமல் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். அஸீமா எவரையும் விடவில்லை. கதிரை கதிரையாகப் போய் எடுத்திருந்தாள். சட்டி கழுவ வந்தவளைக்கூட, வெற்றிலைக் காவிப் பல்லோடு, ராணி மாதிரி எடுத்திருந்தாள். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில் நான் இருந்தேன். பிளாஸ்டிக் பூச்சாடியொன்று என் முகத்தை மறைத்திருந்தது. முழங்காலும் கைப்பையும்தான் தெரிந்தன. அந்தப் படத்தை அழித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் மற்றவற்றில் அந்த ஒன்பதையும் அனுப்பினேன். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை, மிஸ். இருப்பது போல எழுதிவிடாதீர்கள்.