சிரட்டைக்குப் பதிலாக

யட்டியாந்தோட்டையில் பஸ் நிறைந்துவிட்டது. ரப்பர் பால் வெட்டும் இரண்டு பெண்கள் என் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். உட்கார்ந்திருந்த நான், பஸ் வழக்கப்படி இளையவளின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே அடைமழை.

"மதினி, மேல சுத்துற சட்டலைட் எல்லாம் பழசானா எங்க போகும்?"

"கடல்ல விழுந்துருமாம். ரேடியோவுல சொன்னாங்க."

"எங்க மலையில விழுந்தது அதோட துண்டுதான்னு தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா சொல்றாரு. பாக்கக் கிண்ணம் மாதிரி இருந்துச்சு. நான் பாட்டுக்கு பால் புடிக்கிற சிரட்டைக்குப் பதிலா ரப்பர் மரத்துல கட்டிட்டேன்."

"அட பாவி! பால் புடிச்சியா?"

"புடிச்சேன். மத்த சிரட்டையில எல்லாம் அன்னைக்கே உறைஞ்சிருச்சு. அதுல விழுந்தது மட்டும் மறுநாளும் தண்ணியாவே கெடந்துச்சு மதினி."

"மரம்?"

"வெட்டாத நாள்லயும் ஒழுகுது. நிக்கவே மாட்டேங்குது."

மூத்தவள் சுற்றும் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"என் தம்பி கை மரத்துப்போனதுக்கும் இதுதானா காரணம்?"

"அவருதானே காட்டுலேருந்து தூக்கியாந்தாரு. இப்ப நெருப்புல வச்சாலும் அந்தக் கைக்குத் தெரியல. ஆஸ்பத்திரி டொக்டர் மாத்தயா அந்தச் சாமானைக் கொண்டாரச் சொன்னாரு. அதான் போறேன்."

"ஐயோ, அதையா கொண்டாந்திருக்க? எங்க?"

இளையவள் என் மடியைப் பார்த்தாள்.

ஜன்னல் வழியே வந்த சாரலில் என் சட்டையெல்லாம் நனைந்து குளிர்ந்திருந்தது. பை இருந்த இடம் மட்டும், வாங்கி வைத்ததிலிருந்தே, கதகதப்பாக இருந்தது.