தும்முற படம்

சிரிச்சுடுங்க தம்பி, எதுக்கு அடக்கறீங்க? ஏணிய ஓரமா சாய்ச்சு வெச்சுட்டு, செவுத்துல இருக்கற படத்த நல்லாப் பாருங்க. ஆமா, டிவியில தும்முற அம்மாவேதான்.

என் சம்சாரம். அட, நெஜமாத்தான். நான் சீரியலுக்கு செட் சாமான் பாக்குறவன். மருமக தெனம் முன்னால நின்னு அழறதுக்கு, செத்துப்போன மாமியார் படம் ஒண்ணு அவசரமா வேணும்னாங்க. பர்ஸுல இவ படம் இருந்துச்சு, குடுத்தேன். பெருசாக்கி மாட்டிட்டாங்க. உயிரோட இருக்கறவ படத்தயா குடுப்பாங்கன்னு அக்கம்பக்கம் என்னைக் கிழிச்சுது. இவ கண்டுக்கல. எங்களுக்குப் புள்ள குட்டி இல்ல பாருங்க, எனக்குன்னு அழ ஒரு மருமக கெடச்சாளேன்னு சொன்னா. சீரியல் நேரம் வந்தா அடுப்ப அணைச்சுட்டு வந்து உக்காந்துடுவா.

அப்புறம் அதே சேனல்ல சீரியல கிண்டல் பண்ணி காமெடி ஆரம்பிச்சானுங்க. இடி இடிக்கும், ஒவ்வொரு மூஞ்சியா மூணு மூணு தடவ காட்டுவான். பொய் சொல்லக் கூடாது, நானே விழுந்து விழுந்து சிரிச்சேன். அடுத்த வாரம் குடோன்லேருந்து இந்தப் படத்த எடுத்துட்டுப் போயிட்டானுங்க. மருமக பொய்யா அழுதா படம் தும்மும். கம்ப்யூட்டர்ல மூக்க வெடைக்க வெச்சு, ஹச்சு!

கடைக்குப் போனா பின்னாலயே எவனாவது தும்முவான். பஸ்ஸுல தும்முவான். இவளுக்கு நெஜமாவே சளி புடிச்சாலும் வாயப் பொத்தி அடக்கிக்குவா. அப்புறம் வெளிய போறதயே விட்டுட்டா. அந்தக் காமெடிய எழுதறவன்கிட்ட போய்க் கேட்டேன். ஜனங்களுக்குப் புடிச்சிருக்கேண்ணேங்கறான். மரியாதையா உக்கார வெச்சு, காபி வேற குடுத்தான். பாவி.

என்னது? கேபிள் ஒயர்ல என்ன ரிப்பேருன்னா? இருங்க, சொல்றேன்.

போன வாரம் போய்ச் சேந்துட்டா, இந்த ஹால்லதான் கெடத்தியிருந்தோம் இவள. தலமாட்டுல, சேனல்லேருந்து கேட்டு வாங்கிட்டு வந்த இந்தப் படம். வேற நல்ல படமே இல்ல. வந்தவங்க கும்புட்டு நிக்கறாங்க, கூட்டத்துல எவனோ தும்மிட்டான். வேணும்னு இல்ல, தானா வந்த தும்மல். அவ்வளவுதான். ஒருத்தி உதட்டக் கடிக்கிறா, ஒருத்தன் வாசலுக்கு ஓடறான். வயிறு எரிஞ்சுது தம்பி. ஆனா அடுத்த நிமிஷம் எனக்கே வந்துடுச்சு. சிரிப்பு. அவ பக்கத்துல உக்காந்துக்கிட்டு சிரிச்சேன். அன்னையிலேருந்து இதப் பாத்தா அழுகையே வரமாட்டேங்குது.

ரிப்பேர் ஒண்ணும் இல்ல. கேபிள வெட்டத்தான் வரச் சொன்னேன். வெட்டிட்டு, அந்த ஏணிய இப்படிப் போட்டு, படத்தத் திருப்பி மாட்டிட்டுப் போங்க. பின்னால இருக்கற அட்டையப் பாத்தாவது அழுதுக்கறேன்.