மிஞ்சாத டைல்ஸ்

அப்பா: சாக்பீஸைக் குடு. உங்க டீச்சர் குடுத்த பையிலேருந்து எடுத்த சீட்டுல ஏழும் எட்டும்தானே வந்திருக்கு?

மகள்: ஆமாப்பா. ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு டைல்ஸ். சுத்திக் கோடு போடு. உள்ள எத்தனைன்னு யாரு முதல்ல சொல்றாங்களோ, அந்த இடம் அவங்களுக்கு.

அம்மா: சமையக்கட்டை ரெண்டு பேரும் பாகம் பிரிச்சுக்கிட்டா நான் எங்க நிக்கிறது?

மகள்: அடுப்பு முன்னாடி உனக்கு நாலு டைல்ஸ் விட்டிருக்கேம்மா. ரெண்டுக்கு ரெண்டு.

அம்மா: பெரிய மனசுதான்!

அப்பா: இரு இரு, பேச்சுக் குடுத்து ஏமாத்தாத… எட்டு… பதினாறு…

மகள்: ஒவ்வொரு வரிசையா எண்ணுறது கள்ளாட்டம்!

அப்பா: எண்ணலடி, பார்க்கிறேன். பச்சை டைல்ஸ் அஞ்சு வரிசை, நாப்பது. பூப்போட்டது ரெண்டு வரிசை, பதினாறு. அப்போ… அம்பத்தாறு!

மகள்: ஐயோ, நான் அம்பத்துநாலுன்னு சொல்ல வந்தேன்.

அப்பா: தோத்தாங்குளி! தோத்தாங்குளி!

அம்மா: நாலாங்கிளாஸ் பிள்ளைகிட்ட ஜெயிச்சிட்டு ஆடுற ஆட்டத்தைப் பாரு. ஏங்க, அப்படியே அந்தக் கதவு மூலையையும் பாருங்க. சிமெண்ட் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. எப்ப டைல்ஸ் ஒட்டுவீங்க?

அப்பா: வேலை செய்யிற எடத்துல மிஞ்சினாத்தானே கொண்டு வருவேன்…

அம்மா: எப்பவும் மிஞ்சுமே? வீடு முழுக்க மிஞ்சினதுதானே கிடக்கு. ஒரு எடம் மாதிரி இன்னொரு எடம் இருக்கா?

அப்பா: இப்பல்லாம் மிஞ்சுறதில்ல.

மகள்: அப்பா, பேச்சை மாத்தாத. நாளைக்கு ஸ்கூலுக்கு வர்றியா இல்லையா?

அப்பா: அம்மா வருவா கண்ணு.

மகள்: அப்பா அம்மா யாராவது ஒருத்தர் கூட நின்னு இதே ஆட்டத்தை ஆடணும். அம்மாவுக்கு ஆட்டமே தெரியாது.

அப்பா: எல்லாரும் பார்ப்பாங்களே…

மகள்: பார்க்கட்டுமே.

அப்பா: உனக்குப் புரியாது. நான் அஞ்சாங்கிளாஸோட நின்னேன்ல… ஏன்னு நினைக்கிறே? வாய்ப்பாடு. போர்டு முன்னாடி நிக்க வச்சு ஏழெட்டு எவ்வளவுன்னு கேட்டாங்க. பதிலே வரல. எல்லாரும் சிரிச்சாங்க. மறுநாள் நான் போகல.

அம்மா: இத்தனை வருஷத்துல எங்கிட்ட சொன்னதே இல்லையே…

அப்பா: என்னன்னு சொல்ல? டைல்ஸ் ஒட்டுறவனுக்குப் பெருக்கத் தெரியாதுன்னா? கடைக்காரர் எத்தனை வேணும்னு கேட்டா, குத்துமதிப்பா ஒண்ணைச் சொல்லி, பயத்துல ஒரு பெட்டி சேர்த்துச் சொல்லிடுவேன். அதான் மிஞ்சும். அதான் நம்ம தரை.

அம்மா: அட… நான் உடைஞ்சா ஆகும்னு வாங்குறீங்கன்னுல்ல நினைச்சேன்.

மகள்: இப்ப ஏன் மிஞ்சலப்பா?

அப்பா: போன வாரம் குளியலறை ஒண்ணு. சுவரைப் பார்த்தேன்… தினமும் நாம கோடு போட்டு ஆடுற பச்சையும் பூப்போட்டதும் கண்ணுல வந்துச்சு. துண்டு துண்டாப் பிரிச்சுக் கூட்டிச் சொன்னேன். கடைசி டைலை ஒட்டிட்டுத் திரும்பினா பெட்டி காலி. அந்தக் காலிப் பெட்டியவே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், போ.

அம்மா: அப்போ என் மூலை?

அப்பா: உனக்குக் கடையிலயே வாங்கித் தர்றேன். அளந்துட்டேன். ஆறுக்கு மூணு. பதினெட்டு. ஒண்ணு கூட அதிகமா வேணாம்.

மகள்: வாங்கும்போது பூப்போட்டதா வாங்குப்பா. சரி, நாளைக்கு?

அப்பா: …வர்றேன். வந்து உங்க டீச்சர்கிட்டயே சொல்றேன். ‘கணக்கு வரலைன்னு எம் பொண்ணுக்கு இந்த ஆட்டப் பையைக் குடுத்து விட்டீங்களே, இப்ப கேட்டுப் பாருங்க’ன்னு.

மகள்: ஐயையோ, அதெல்லாம் சொல்லாதப்பா!

அப்பா: ஏன், வெட்கமா? எனக்கே வெட்கம் போயிடுச்சு.

மகள்: இல்லப்பா… மாடிப்படி வேலைக்கு என்னையும் கூட்டிட்டுப் போனியே, அப்ப கடைக்காரர் போன்ல கேட்டதும் நீ கையைப் பின்னாடி மறைச்சு விரல் விட்டு எண்ணினே…

அப்பா: பார்த்துட்டியா?

மகள்: மறுநாளே டீச்சர்கிட்ட நான்தான் பையைக் கேட்டேன். ‘நீதான் நூத்துக்கு நூறு வாங்குறியே, உனக்கு எதுக்கு’ன்னாங்க. எனக்கில்ல டீச்சர், வீட்டுல எங்கூட விளையாட ஒருத்தர் இருக்காருன்னு சொன்னேன்.